ஆர்.வி. கூரையில் இருக்கும் டேங்க் வென்ட்: மூடியை மாற்றும் முன் அதன் அடியில் பாருங்கள்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கும் ஒரு குடும்பம் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறது. படுக்கை, சமையலறை, கக்கூஸோடு சக்கரத்தில் ஓடுகிற வீட்டு வண்டிகளைத்தான் ஆர்.வி. என்கிறார்கள்; அதில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வகை இது. பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் கக்கூஸ் நாற்றம் உள்ளே அடிக்கிறது. நெடுந்தூரம் ஓட்டிப் போய் நிறுத்திக் கதவைத் திறந்தாலும் அதே நாற்றம். கடையில் கேட்டதற்கு, "கூரையில் இருக்கிற வென்ட் மூடியைத் தூக்கிப்போட்டுவிட்டு, காற்றை மேலே இழுக்கிற புது மாடல் போடுங்கள்" என்றார்களாம். அதைப் போட்டால் சரியாகுமா, நாமே ஏறி மாற்றலாமா, அந்த வென்ட்டுக்கு வருடா வருடம் என்ன பராமரிப்பு செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மூடியை மாற்றினால் சில வண்டிகளில் சரியாகும். ஆனால் நான் ஏறிப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு மூடியில் இருந்ததே இல்லை. மூடிக்கு அடியில், கழிவு டேங்கின் வாயுவை வெளியேற்றும் வென்ட் குழாயும் கூரையும் சேர்கிற இடத்தில்தான் இருந்தது. அங்கே பார்க்காமல் எவ்வளவு விலை உயர்ந்த மூடி போட்டாலும் அது கோளாறை மறைத்து வைக்குமே தவிர தீர்க்காது. இன்னொன்று, அதே இடம் வழியாகத்தான் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். கூரைக்குள் தண்ணீர் இறங்கினால் வண்டியே போய்விடும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் குழாய் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் புரிந்துவிடும். வண்டிக்கு அடியில் பொதுவாக மூன்று வகை டேங்க் இருக்கும்: குடிக்க, குளிக்க நல்ல தண்ணீருக்கு ஒன்று, சிங்க்கும் ஷவரும் வடிகிற கிரே டேங்க், டாய்லெட் கழிவு விழுகிற பிளாக் டேங்க். கழிவு மூடிய டேங்கில் கிடக்கும்போது, காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும். ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, மீத்தேன் எல்லாம் வெளிவரும். அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. இந்த வாயு வெளியே போகத்தான் டேங்கின் மேல்பக்கத்திலிருந்து, பெரும்பாலும் 1½ அங்குல ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவருக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோ ஏறி, கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நம் ஊர் வீடுகளில் செப்டிக் டேங்கிலிருந்து மொட்டை மாடி வரை ஒரு பி.வி.சி. குழாய் போகுமே, அதே வேலைதான்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். டம்ப் ஸ்டேஷனில் (ஆர்.வி. கழிவைக் கொட்டுவதற்கென்று இருக்கும் இடம்) வால்வைத் திறந்து டேங்கைக் காலி செய்யும்போது, இறங்குகிற தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று மேலிருந்து உள்ளே வர வேண்டும். குழாய் அடைத்திருந்தால் கழிவு 'குளுக் குளுக்' என்று திக்கித் திக்கித்தான் இறங்கும். கிரே டேங்க் என்றால், காற்றுக்கு வேறு வழியில்லாமல் சிங்க்குக்கு அடியில் இருக்கும் பி-டிராப் வளைவிலிருந்த தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீர்தான் வாயுவைத் தடுத்து நிறுத்துகிற பூட்டு. அது போனால் டேங்குக்கும் சமையலறைக்கும் நடுவே எதுவும் இல்லை.

கூரைக்கு ஏறும் முன் கீழேயே பார்த்துத் தள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது புரொப்பேன், அதாவது வண்டியில் எரிக்கிற சிலிண்டர் கேஸ். அந்த வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்கேப்டன் கலக்கிறார்கள். அதுவும் அழுகின முட்டை மாதிரிதான் நாறும். அதனால் நாற்றம் டேங்கிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகத் தெரியாதவரை கேஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், சிலிண்டர் வால்வை மூட வேண்டும், உள்ளே எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. லெட்-ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலும் இதே நாற்றம் வரும். பேட்டரியைத் தொட்டால் சுடும், பக்கம் உப்பியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது மட்டும் நாறினால், அது வாட்டர் ஹீட்டருக்குள் பாக்டீரியா சேர்ந்ததன் வேலை. மெக்னீசியம் ஆனோடு (துருவைத் தடுக்க உள்ளே வைக்கும் உலோகத் தடி) இருக்கிற ஹீட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். டேங்க் வென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து டாய்லெட். ஃப்ளஷ் செய்த பிறகு கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் இருக்கும் ரப்பர் சீல் நன்றாக இருக்கிறது. இறங்கியிருந்தால் சீலில் அழுக்கு ஒட்டியிருக்கிறது அல்லது ரப்பர் காய்ந்துவிட்டது. துடைத்துப் பார்த்தும் இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இது ரொம்ப சகஜம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நாறுகிறது என்று சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, ஏ.சி. ஓடுகிறது, பாத்ரூம் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளின காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஃப்ளஷ் செய்ய டாய்லெட்டின் கால் பெடலை அழுத்திய நொடியில் அந்த வழி திறந்துவிடுகிறது: கூரை வென்ட்டிலிருந்து டேங்க், டேங்கிலிருந்து கோப்பை, கோப்பையிலிருந்து உங்கள் முகம். ஃப்ளஷ் செய்யும் முன் ஃபேனை நிறுத்துங்கள், அல்லது பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். பல வண்டிகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும். ஆனால் பெடலைத் தொடாமலேயே, ஃபேன் ஓடினாலே நாறுகிறது என்றால், வாயு வேறு ஏதோ ஓட்டை வழியாகச் சுவருக்குள் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த ஓட்டை சில சமயம் சிங்க்குக்கு அடியிலேயே இருக்கும். அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயின் உச்சியில் உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் குமிழ் ஒன்று, எதோடும் சேராமல் நின்றால், அதுதான் ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு. எல்லா சிங்க்குக்கும் கூரை வரை குழாய் இழுக்க முடியாது என்பதால் அதை வைக்கிறார்கள். காற்றை உள்ளே விடும், வாயுவை வெளியே விடாது. உள்ளே இருக்கும் ரப்பர் தகடு காய்ந்து வளைந்துவிட்டால் மூடாது. அப்புறம் கிரே டேங்க் நேராக அலமாரிக்குள் மூச்சு விடும். அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். விலை குறைவு, பெரும்பாலும் கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் போகவில்லையா? அப்போது கூரைக்குப் போகலாம்.

ஏறுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லா ஆர்.வி. கூரையும் ஆள் நடக்கிற கூரை இல்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பின்பக்கம் ஏணி பொருத்தியிருந்தால் பொதுவாக நடக்கலாம் என்று அர்த்தம், ஆனாலும் கையேட்டைப் பாருங்கள். நடக்கக் கூடாத கூரை என்றால் பக்கத்தில் தனி ஏணி வைத்து எட்டிச் செய்யுங்கள். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது ரப்பர் கூரை கண்ணாடி மாதிரி வழுக்கும். நண்பகலில் டெக்சஸ் வெயிலில் கை வைக்க முடியாது. ஈரம் காய்ந்த காலை நேரம்தான் சரி. நிமிர்ந்து நடக்காமல் முட்டி போட்டு நகருங்கள். ஒரு ப்ளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் எடை பரவும். இன்னொருவர் கீழே இருக்கட்டும். வென்ட்டைத் திறந்த உடனே முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக இருந்தால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாறவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகாது. சிகரெட், லைட்டர், தீ எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மீத்தேன் எரியும்.

கூரையில் பல விதமான மூடிகள் இருக்கும். பெரிய சதுரம் ஃபேன், நீளமான பெட்டி ஃப்ரிட்ஜுடையது. அவற்றுக்கு நடுவே காளான் மாதிரி சிறிதாக நிற்கிற வட்ட மூடிகள்தான் டேங்க் வென்ட். பொதுவாக இரண்டோ மூன்றோ இருக்கும். பாத்ரூமுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் தள்ளி இருப்பது பெரும்பாலும் பிளாக் டேங்குடையது.

பல மாடல்களில் மூடி தனி, அடித்தட்டு தனி. மேல்மூடி ஒரு ஸ்க்ரூவிலோ வெறும் அழுத்தத்திலோ நிற்கும், தூக்கினால் வந்துவிடும். அடித்தட்டின் ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் பூசியிருக்கும் சீலன்ட்டைத் தொடாமலேயே உள்ளே பார்க்கலாம். இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கறுப்புக் குழாயின் வாய் தெரிய வேண்டும். அது கூரை மட்டத்துக்கு மேலே, அடித்தட்டின் கழுத்துக்குள் நன்றாக ஏறி நிற்க வேண்டும்.

நண்பர் ஒருவருடைய டிரெய்லரில் இதே வேலையாக ஏறினேன். அவருக்கும் உங்களுடைய அதே புகார்தான். மூடியைத் தூக்கினால் குழாயே கண்ணில் படவில்லை. கூரை ப்ளைவுட்டில் கோணல்மாணலாக அறுத்த ஒரு ஓட்டை. அதன் விளிம்பு ஈரம் குடித்துக் கறுத்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால், இரண்டு அங்குலம் கீழே, கூரைக்கும் உள்சீலிங்குக்கும் நடுவில் குழாயின் வாய் நின்றது. சுற்றிலும் இருந்த இன்சுலேஷன் பஞ்சு மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுத்தது. டேங்கிலிருந்து ஏறின வாயுவில் பாதி வெளியே போகாமல் சீலிங்குக்குள் பரவி, சுவர் இடுக்கு வழியாகவும் விளக்கு பொருத்திய ஓட்டை வழியாகவும் அறைக்குள் இறங்கியிருக்கிறது. ஃபேன் போட்டால் நாறாமல் என்ன செய்யும்? அந்த வண்டியில் மேலே இருந்த மூடி புத்தம் புதியது. வேறு யாரோ சொல்லி அவர் மாற்றியிருந்தார்.

இது ஏன் நடக்கிறது என்றால், பல வண்டிகளில் அந்தக் குழாய் கூரையோடு ஒட்டப்பட்டே இருப்பதில்லை. கீழே டேங்கின் மேல்பக்கத் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். குழாயை அதற்குள் அழுத்திச் செருகியிருப்பார்கள். அந்தப் பிடியில்தான் மொத்தக் குழாயும் நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான மைல் அதிர்ந்து அதிர்ந்து, குழாய் கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்குள் சறுக்கும். மேல்முனை கூரைக்குக் கீழே போய்விடும். அதே நேரம் கீழ்முனை டேங்குக்குள் நீட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது பாதியை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அதுதான் வினோதமான அறிகுறி ஒன்றைக் கொடுக்கும்: டேங்க் பாதி வரை கோப்பையிலிருந்து நாற்றம் வராது. முக்கால் நிரம்பினதும் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் கோப்பையிலிருந்து 'குபுக்' என்று காற்று முகத்தில் அடிக்கும். கழிவின் மட்டம் குழாயின் கீழ்வாயைத் தொட்டு அடைத்துவிட்டது, மேலே சிக்கின வாயுவுக்கு டாய்லெட்டைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் வண்டியில் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். நடந்தால், மூடியைத் திறக்காமலேயே பாதி விடை தெரிந்துவிட்டது.

மருந்து எளிது, பொறுமைதான் வேண்டும். டேங்கைக் காலி செய்து, நன்றாகக் கழுவிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு குழாயின் மேல்முனையைப் பிடித்து மெல்லத் திருகியபடி மேலே இழுங்கள். ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. அரை அங்குலம், நிறுத்து, மறுபடி அரை அங்குலம். ரப்பர் வளையத்திலிருந்து குழாய் முழுக்கக் கழன்று வந்துவிட்டால், டேங்கின் மேல்பக்கம் திறந்து கிடக்கும். அதை மறுபடி பொருத்தச் சுவரையோ அடித்தகட்டையோ பிரிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு சறுக்கியிருக்கிறதோ அவ்வளவு மட்டும் ஏற்றினால் போதும். பிளாக் டேங்க் முக்கால் நிரம்பும்வரை பயன்படுத்திப் பார்த்து, 'குபுக்' நின்றுவிட்டதா என்று கவனியுங்கள். நின்றிருந்தால் அளவு சரி.

குழாய் சறுக்காமல், தொழிற்சாலையிலேயே குட்டையாக அறுத்துவிட்ட வண்டிகளும் உண்டு. அதற்கு ஒரு ஏ.பி.எஸ். கப்ளிங்கும் (இரண்டு குழாயைச் சேர்க்கிற துண்டு) சிறு துண்டுக் குழாயும் ஏ.பி.எஸ். சிமென்ட்டும் வாங்கி நீட்டிவிடலாம். பி.வி.சி. சிமென்ட் இதற்கு ஆகாது. கூரைத் துளையில் கப்ளிங் நுழையுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

குழாய் சரியான உயரத்தில் நின்றாலும் இன்னொரு கோளாறு இருக்கலாம். துளையைக் குழாயைவிடப் பெரிதாக அறுத்திருப்பார்கள், சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். மூடி இரண்டையும் சேர்த்து மறைத்துவிடுவதால் வெளியிலிருந்து தெரியாது. வண்டி ஓடும்போது கூரைமேல் காற்று வேகமாக அடிக்க, குழாயிலிருந்து வந்த வாயு மூடிக்குள்ளேயே சுழன்று அந்த இடைவெளி வழியாகச் சுவருக்குள் இறங்கும். ஓட்டிப் போய் நிறுத்தினால் நாறுகிறது என்றீர்களே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குழாயைச் சுற்றி அந்த இடைவெளியை அடைத்துவிட வேண்டும். பெரிய இடைவெளி என்றால் முதலில் ஸ்ப்ரே ஃபோம் கொஞ்சமாக, அது இறுகினதும் மேலே சீலன்ட். சிறியது என்றால் சீலன்ட் மட்டுமே போதும். குழாயின் வாய்க்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது. வாயில் ஒரு பழைய துணியைச் செருகிவிட்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுங்கள்.

அடித்தட்டையே மாற்ற வேண்டிய நிலை என்றால் அது தனி வேலை. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் விரலால் தட்டினாலே நொறுங்கும். மரக்கிளை பட்டு உடைந்ததும் நிறைய. பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். இரும்பு ஸ்கிரேப்பர் ரப்பர் கூரையைக் கிழித்துவிடும். சீலன்ட்டுக்கு அடியில் புதைந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கண்டுபிடித்துக் கழற்றி, அடித்தட்டை மெல்ல நெம்புங்கள். கூரையைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், ஆனால் எதைக் கொண்டு என்பதில் கவனம். ஈ.பி.டி.எம். ரப்பர் கூரைக்கு பெட்ரோலியம் கலந்த கரைப்பான்கள் பகை; ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். டி.பி.ஓ. என்கிற பிளாஸ்டிக் வகைக் கூரையா, ஃபைபர்கிளாஸா, அலுமினியமா என்று தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ற சீலன்ட் வாங்குங்கள், டப்பாவிலேயே எழுதியிருக்கும்.

புதிய அடித்தட்டின் கீழ்ப்பக்க விளிம்பு முழுக்கப் பியூட்டைல் டேப்பை (மெத்தென்று ஒட்டுகிற ரப்பர் நாடா) ஒட்டி, குழாய் நடுவில் வரும்படி வைத்து அழுத்தி, ஸ்க்ரூக்களை எதிரெதிராக இறுக்குங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். அதுதான் உண்மையான தண்ணீர்த் தடுப்பு. மேலே போடுகிற லேப் சீலன்ட் (கூரை விளிம்புகளுக்கு என்று விற்கும் சீலன்ட்) அதற்குக் காவல். லேப் சீலன்ட்டில் தானாகப் பரவி மட்டமாகிற வகையும் பரவாமல் நிற்கிற வகையும் உண்டு. தட்டையான கூரையில் பரவுகிற வகை, சரிவிலும் பக்கவாட்டிலும் நிற்கிற வகை. டைகோர் கம்பெனியின் இரண்டும் எல்லா ஆர்.வி. கடைகளிலும் கிடைக்கும். எல்லா ஸ்க்ரூ தலையும் மூட வேண்டும், விளிம்பைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் ஒரு வளையமாகப் போட வேண்டும். குளிரில் செய்யாதீர்கள், 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கிற நாளாகப் பாருங்கள். சில நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும், ஆனால் முழுக்க இறுகப் பல நாள் ஆகும்.

சாதாரண சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் டியூப் கிடக்கிறது என்று எடுத்துப் பூசிவிடுவார்கள். அது ரப்பர் கூரையில் சரியாகப் பிடிக்காது, ஓரம் கிளம்பி அடியில் தண்ணீர் நிற்கும். அதைவிட மோசம், சிலிகான் பட்ட இடத்தில் அப்புறம் வேறு எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. அடுத்து வருகிறவர் மணிக்கணக்கில் சுரண்ட வேண்டும்.

அடைப்பு பற்றி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் முதல் குற்றவாளி மட் டாபர் என்கிற குளவி. நம் ஊரில் ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டுமே, அந்த இனம்தான். நிறுத்தி வைத்த வண்டியின் வென்ட் குழாய் அதற்கு ரொம்பப் பிடிக்கும். மூடி உடைந்திருந்தால் இலைச் சருகும் பறவைக் கூடும்கூட உள்ளே போகும். மூடியைத் திறந்திருக்கும்போதே டார்ச் அடித்துக் கீழே வரை பாருங்கள். குழாயில் வளைவு இருந்தால் அடி தெரியாது. அப்போது காலி டேங்கில் ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். தடையில்லாமல் சலசலவென்று இறங்கினால் அடைப்பில்லை. தண்ணீர் நின்று மேலே ஏறினால் பிளம்பிங் ஸ்னேக்கை (அடைப்பெடுக்கும் வளைகிற நீளக் கம்பி) மெல்ல விட்டுக் கிளறுங்கள். மண்கூடு ஈரம் பட்டால் கரைந்துவிடும். ஹோஸை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள், டேங்க் நிரம்பி டாய்லெட் வழியாகப் பாத்ரூமுக்குள் வரும். குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் ஹோஸை இதற்கு எடுக்கவே கூடாது.

வலை போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. பறவை, இலைச் சருகுத் தொல்லை அதிகம் உள்ள இடத்தில் போடலாம், ஆனால் கொசுவலை மாதிரி நுண்ணிய கண்ணி வேண்டாம்; தூசும் சிலந்தி நூலும் பிடித்து அதுவே அடைப்பாகிவிடும், குளிர்காலத்தில் உறைபனி கட்டும். கால் அங்குலக் கண்ணிக் கம்பிவலை பறவையையும் இலையையும் தடுக்கும், குளவியைத் தடுக்காது. எதைப் போட்டாலும் அடிக்கடி பார்க்க முடிந்தால் மட்டும் போடுங்கள். பார்க்க முடியாது என்றால் வலையில்லாமல் விடுவதே மேல்.

காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. டம்ப் ஸ்டேஷனில் ஒருவர் கீழே பிளாக் வால்வைத் திறக்கட்டும். மேலே இருப்பவர் ஒரு டிஷ்யூ தாளைக் குழாய் வாய்க்குப் பக்கத்தில், கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கழிவு இறங்க ஆரம்பித்த உடனே தாள் உள்நோக்கி இழுபட வேண்டும். அசையாமல் தொங்கினால் குழாயில் எங்கோ அடைப்பு. வரிசையில் பின்னால் வண்டிகள் நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது அந்தப் புது மாடல் மூடிக்கு வருகிறேன். இரண்டு வகை உண்டு. சைக்ளோன் மாதிரியானவை காற்றுத் திசைக்கேற்பத் திரும்பும். காற்று அடிக்கும்போது குழாயிலிருந்து வாயுவை இழுக்கும். 360 சைஃபன் மாதிரியானவற்றில் அசையும் பாகம் கிடையாது. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் இழுக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டும் ஏமாற்று அல்ல. குழாய் சரியான உயரத்தில் நின்று, இடைவெளி அடைக்கப்பட்டிருந்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் காற்றே இல்லாத ஆகஸ்ட் மதியத்தில் எதுவும் எதையும் இழுக்காது. அசையும் வகை என்றால் தூசு பிடித்து நின்றுவிடாமல் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் கடைக்காரர் சொன்ன மூடிக்கு முன்னால் ஒரு டியூப் லேப் சீலன்ட்டும் ஒரு சுருள் பியூட்டைல் டேப்பும் வாங்குவேன். அதற்கப்புறமும் நாற்றம் மிச்சம் இருந்தால் 360 சைஃபன் வகையைப் போடுவேன்.

கூரை முழுக்கச் சீலன்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிப் பல தயாரிப்பாளர்களின் கையேட்டில் இருக்கும். கேட்கும்போது அதிகமாகத் தோன்றும், ஆனால் டெக்சஸ், அரிசோனா வெயிலுக்கு அது நியாயமான கணக்குதான். வென்ட்டைச் சுற்றியுள்ள சீலன்ட்டில் மயிரிழை வெடிப்பு, ஓரம் கிளம்பல், ஸ்க்ரூ தலை வெளியே தெரிவது, இவற்றைத் தேடுங்கள். சிறு வெடிப்பு என்றால் சுத்தம் செய்துவிட்டு அதன் மேலேயே அதே வகைச் சீலன்ட்டைப் போடலாம். கிளம்பி வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், அடுத்த தடவை எது புதிது என்று சட்டென்று தெரியும். புயல் மழைக்கு அப்புறமும், தாழ்ந்த மரக்கிளை உரசின பிறகும் தேதி பார்க்காமல் ஏறிப் பாருங்கள்.

பனி விழும் மாநிலத்தில் குளிர்காலத்தில் தங்கினால், வென்ட் பனியில் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைக் குளிர்காலத்துக்கு மூடி வைக்கும்போது எல்லா பி-டிராப்பிலும், டாய்லெட் கோப்பையிலும் ஆர்.வி.க்கு என்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸைக் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். உறையவும் உறையாது, தண்ணீரைப் போலச் சீக்கிரம் காய்ந்தும் போகாது, பூட்டு அப்படியே நிற்கும். கோடையில் நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும்போது எல்லா சிங்க்கிலும் ஷவரிலும் ஒரு குவளைத் தண்ணீர் விட்டுவிட்டு அப்புறம் நாற்றத்தைப் பற்றிப் பேசலாம்.

கேம்ப் கிரவுண்டில் சாக்கடை இணைப்பு இருந்தாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மலம் டேங்கில் மேடாகக் குவியும். எந்த வென்ட்டாலும் அந்த நாற்றத்தைச் சமாளிக்க முடியாது. கிரே வால்வைத் திறந்து வைத்தால் கேம்ப் கிரவுண்ட் சாக்கடையின் வாயுவே உங்கள் குழாய்க்குள் ஏறும். இரண்டையும் மூடி வைத்து, நிரம்பினதும் முதலில் பிளாக், அப்புறம் கிரே என்று காலி செய்யுங்கள். காலி செய்த பிளாக் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நீங்களே செய்யலாமா என்ற கேள்விக்கு: மூடியைத் தூக்கிப் பார்ப்பது, இடைவெளியை அடைப்பது, சீலன்ட் போடுவது எல்லாம் ஒரு காலைப் பொழுது வேலை, கைப்பழக்கம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வென்ட்டைச் சுற்றிக் கூரையை உள்ளங்கையால் அழுத்தும்போது மெத்தென்று உள்ளே போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடியில் ப்ளைவுட் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் சீலன்ட் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கூரை வேலை தெரிந்த ஆர்.வி. மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பாத்ரூம் சீலிங்கில் கறையோ உப்பலோ தெரிகிறதா என்று இன்றைக்கே உள்ளேயிருந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இருந்தால் வென்ட் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.